திருத்தித் தருகிறார்களா, திருப்பித் தருகிறார்களா?

கேள்வி: கடலூரில் பி.காம். முடித்தேன். மூன்று மாதங்களாகப் புதுச்சேரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். கல்லூரியில் நல்ல மதிப்பெண் வாங்கியவன், இங்கே ஒரு பில்லைப் பதிவு செய்யவே தடுமாறுகிறேன். சந்தேகம் கேட்டால் சீனியர்கள் எரிந்து விழுகிறார்கள். இந்த வேலை எனக்கு ஒத்துவராதா? அலுவலகத்திடம் என்னென்ன உதவியை எதிர்பார்க்கலாம்? சி.ஏ. படிக்கும் ஆசையும் இருக்கிறது.

பதில்:

மூன்று மாதத்தில் இந்தத் தொழில் உங்களுக்கு ஒத்துவருமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அலுவலகம் ஒத்துவருமா என்பதை வேண்டுமானால் சொல்லிவிடலாம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பலர் ஆறாவது மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வேறு எதற்கோ போய்விடுகிறார்கள். இந்தப் பகுதியில் நெடுங்காலமாக ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறவன் நான். உங்களை வேலைக்கு வைத்திருப்பவரின் நாற்காலியில் இருந்து பார்த்தால் இது எப்படித் தெரிகிறது என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

தடுமாற்றத்தை முதலில் பார்ப்போம். கல்லூரித் தேர்வில் கணக்கு எப்படி வரும்? யார் யாருக்கு விற்றார், ரொக்கமா கடனா, எவ்வளவு, எந்தத் தேதி என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள். கடைசியில் இருப்பாய்வின் இரு பக்கமும் சமமாக வரும் என்ற உத்தரவாதம் வேறு. அலுவலகத்துக்கு வருவதோ ஒரு துணிக்கடைப் பை. உள்ளே எழுத்து மங்கிப்போன பில்கள், செக் புத்தகத்தின் அடிக்கட்டைகள், வங்கி ஸ்டேட்மென்டின் பாதிப் பக்கங்கள், ‘அண்ணனுக்கு 40,000’ என்று பென்சிலில் கிறுக்கிய ஒரு துண்டுச் சீட்டு. அந்த அண்ணன் உடன்பிறந்தவரா, சரக்குக் கொடுத்தவரா, வட்டிக்குப் பணம் கொடுத்தவரா? போன பணம் கொள்முதலுக்கா, கடனைத் திருப்பியதா, வீட்டுச் செலவா? இதைத் தீர்மானித்த பிறகுதான் பற்றும் வரவும். கல்லூரி உங்களுக்குக் கற்றுத் தந்தது தீர்மானத்துக்குப் பின்னால் வரும் பாதி. அந்தப் பாதி உங்களுக்கு நன்றாகவே தெரியும். முன்பாதியை எந்தப் பல்கலைக்கழகமும் பாடத்திட்டத்தில் வைக்கவில்லை.

ஆகவே டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறப்பதற்கு முன் பார்ட்டியை, அதாவது கணக்கு யாருடையதோ அந்த வாடிக்கையாளரை, தெரிந்துகொள்ளுங்கள். என்ன விற்கிறார், எங்கே வாங்குகிறார், எத்தனை நாள் கடன் கொடுக்கிறார், வீட்டில் யார் யார் வியாபாரத்தில் இருக்கிறார்கள், எந்தெந்த வங்கியில் கணக்கு, இவ்வளவு போதும். இதைச் சொல்ல சீனியருக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காவிட்டால் சென்ற ஆண்டுக் கோப்பை எடுங்கள். பேலன்ஸ் ஷீட், வருமான வரி ரிட்டர்னின் நகல், லெட்ஜர் அச்சு, சீனியர் ஓரத்தில் கிறுக்கிய குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கும். அந்த அண்ணன் சென்ற ஆண்டும் வந்திருப்பார். புதியவர்கள் இந்தக் கோப்பைத் தொடுவதே இல்லை. எல்லாவற்றையும் தாமாகக் கண்டுபிடித்தால்தான் மதிப்பு என்று நினைக்கிறார்கள் போலும்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. சென்னையில் சேரும் பட்டதாரிக்கு இது இத்தனை சீக்கிரம் வராது. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ் முள்ளோடையைத் தாண்டும்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஜி.எஸ்.டி.க்கு அது மாநில எல்லை. தமிழ்நாட்டுப் பதிவெண் 33 என்று தொடங்கும், புதுச்சேரிப் பதிவெண் 34 என்று தொடங்கும். கடலூர்க் கடைக்காரர் புதுச்சேரியிலிருந்து சரக்கு வரவழைத்தால் பில்லில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. இருக்க வேண்டும். அதே சரக்கு சென்னையிலிருந்து வந்தால், அத்தனை தூரம் பயணம் செய்தும், மத்திய அரசுக்கான சி.ஜி.எஸ்.டி.யும் மாநில அரசுக்கான எஸ்.ஜி.எஸ்.டி.யும்தான். முகவரியையோ பின்கோடையோ பார்த்து மாநிலத்தை முடிவு செய்யாதீர்கள். விழுப்புரத்தின் பின்கோடு புதுச்சேரியைப் போல 605 என்று தொடங்கும். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரின் பின்கோடோ கடலூரைப் போல 607 என்று தொடங்கும். பதிவெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மட்டுமே பேசும். காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாவற்றுக்கும் அதே 34. ஆந்திரத்துக்குள் கிடக்கும் ஏனாமுக்குப் புதுச்சேரியிலிருந்து சரக்குப் போனால் அது உள்மாநில விற்பனை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடலூருக்குப் போனால் வெளிமாநில விற்பனை.

புதுச்சேரி யூனியன் பிரதேசம்தானே, யு.டி.ஜி.எஸ்.டி. அல்லவா போட வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கேட்பார். பாடநூலைக் கவனமாகப் படித்தவர்தான் அப்படிக் கேட்பார் என்பதால் எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். ஆனால் அந்த வரி சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களுக்கு. புதுச்சேரிக்குச் சட்டமன்றமும் தனி ஜி.எஸ்.டி. சட்டமும் இருப்பதால் இங்கே எஸ்.ஜி.எஸ்.டி.

பதிவு வரம்பும் மாறும். சரக்கு மட்டும் விற்பவர் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டியதில்லை. புதுச்சேரி அந்த உயர்த்தப்பட்ட வரம்பை ஏற்கவில்லை. அங்கே 20 லட்சம்தான். அதிலும் எல்லை தாண்டிச் சரக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு தேவை. இரண்டு ஊரிலும் கடை வைத்திருப்பவர் இரண்டு பதிவு எடுக்க வேண்டும். ஒரு கடையிலிருந்து மற்றதற்குச் சரக்கு அனுப்பினால், முதலாளி ஒருவரே ஆனாலும், அதற்கும் வரி பில் போட வேண்டும். சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில்லுக்குத் தமிழ்நாட்டுக்குள் வரம்பு 1 லட்சம், எல்லை தாண்டினால் 50,000.

புதியவர்கள் அடிக்கடி விழும் குழி ஹோட்டல் பில். கடலூர் சிப்காட்டில் இருக்கும் ஒரு தொழிற்சாலை தன் விருந்தினரைப் புதுச்சேரி ஹோட்டலில் தங்க வைக்கிறது. பில்லில் தொழிற்சாலையின் பெயர், பதிவெண் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் தங்கும் அறைக்கு, அறை இருக்கும் இடமே சேவை நடந்த இடம் என்பது சட்டம். எனவே ஹோட்டல்காரர் புதுச்சேரியின் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. போடுவார். அந்த வரியைக் கடலூர்ப் பதிவில் உள்ளீட்டு வரிச் சலுகையாக (வாங்கும்போது கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. பில் சுத்தமாக இருக்கிறதே என்று எடுத்துவிடுவார்கள். எந்த வரியை எடுக்கலாம் என்று காட்ட மாதம் 14ஆம் தேதி வரும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் அது ‘கிடைக்காதது’ என்ற பகுதியில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பகுதிவரை இறங்கிப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

பண்ருட்டி முந்திரி வியாபாரிகளின் கணக்கு வந்தால் இன்னொன்று. விவசாயியிடம் உடைக்காத முந்திரிக்கொட்டை வாங்கும் பதிவு பெற்ற வியாபாரி, விவசாயி வரி போடாவிட்டாலும், தானே அந்த வரியைக் கட்ட வேண்டும். ரிவர்ஸ் சார்ஜ் என்பார்கள். ரொக்கமாகக் கட்டிவிட்டு, தகுதி இருந்தால் அதையே உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். விவசாயியின் வெறும் கைச்சீட்டைப் பார்த்து ‘வரி இல்லை’ என்று பதிவு செய்து நகர்ந்துவிடுவது புதியவர்களின் வழக்கம்.

நெய்வேலி ஒப்பந்ததாரர்கள் கணக்கில் வேறு மாதிரி வரும். பெரிய ஒப்பந்தம் ஒன்றில் ஒரு பில் 1,00,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,18,000. வங்கியில் வந்து விழுந்ததோ 1,14,000. புதியவர் மீதி 4,000 ரூபாயை, ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒதுக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அது இரண்டு தனித்தனிப் பிடித்தம். ஒப்பந்ததாரர் கூட்டு நிறுவனம் என்றால் பணம் தருபவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி டி.டி.எஸ். 2 சதவீதம், அது வருமான வரித் தளத்தில் தெரியும். பணம் தரும் என்.எல்.சி. அரசு நிறுவனம் என்பதால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் கீழும் 2 சதவீதம் பிடிப்பார்கள், ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால். இந்த இரண்டாவது தொகை தானாக வந்து சேராது. ஜி.எஸ்.டி. தளத்தில் உள்ளே போய் ஏற்றுக்கொண்டால்தான் பார்ட்டியின் ரொக்க லெட்ஜரில் ஏறும். ஏற்காமல் விட்டு, கையிலிருந்து வரி கட்டிக்கொண்டே இருக்கும் ஒப்பந்ததாரர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் சீனியருக்கு இவை மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டன. கடலூர்ப் பார்ட்டி வாங்கிய பில்லில் 34 என்று பார்த்ததும் கை தானாக ஐ.ஜி.எஸ்.டி.க்குப் போகும். சொல்லித் தரவேண்டிய விஷயம் இது என்றே அவருக்குத் தோன்றாது. நீங்கள் தவறாகப் போட்டு வைத்ததைப் பார்த்ததும் ‘இதுகூடத் தெரியாதா’ என்பார். உங்களுக்குத் தெரிய வழியே இல்லை என்பது அவருக்கு உறைக்காது.

இங்கேதான் நல்ல அலுவலகமும் மோசமான அலுவலகமும் பிரிகின்றன. நீங்கள் செய்த வேலையில் தவறு இருந்தால் உங்கள் சீனியர் என்ன செய்கிறார்? தானே உட்கார்ந்து திருத்திவிட்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்துவிடுகிறாரா, அல்லது எது தவறு என்று குறித்து உங்களிடமே திருப்பித் தருகிறாரா? முதல் வகை சீனியர் நல்லவராகக்கூட இருப்பார், திட்டவே மாட்டார். ஆனால் அவரிடம் இரண்டு ஆண்டுகள் இருந்தாலும் நீங்கள் முதல் மாதத்தில் செய்த தவறையே செய்துகொண்டிருப்பீர்கள், அது தவறு என்றே தெரியாமல். இரண்டாம் வகை சீனியர் திட்டுவார், முகத்தில் அடித்தாற்போலப் பேசுவார். இருந்தாலும் திருப்பித் தருகிறார் என்றால் அவரை விடாதீர்கள். திட்டு ஒரு வாரத்தில் மறந்துபோகும். அலுவலகத்திடம் ஒரே ஓர் உதவியைத்தான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்: ‘சார், நான் செய்ததில் மாற்றியதை எனக்குக் காட்டுங்கள்.’ மாலையில் காட்டினாலும் போதும்.

திட்டு வாங்குவதில் உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கலாம். சந்தேகம் வந்ததும் எழுந்து போய்க் கேட்டால், ஜி.எஸ்.டி. கெடுவான 20ஆம் தேதி பிற்பகலில் எந்தச் சீனியரும் எரிந்துதான் விழுவார். ஒரு நோட்டில் சேர்த்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘நான் இப்படி நினைக்கிறேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். ‘இது என்ன சார்?’ என்று கேட்பவனுக்கும், ‘ஹோட்டல் புதுச்சேரியில் இருக்கிறது, பார்ட்டி கடலூர், இந்த வரியை எடுக்கக்கூடாது என்று நினைக்கிறேன், சரியா?’ என்று கேட்பவனுக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது. இரண்டாமவனுக்கு ஒரு தலையசைப்பு போதும், சீனியர் நிமிரவே வேண்டாம். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்காமல் இருக்கவும் அந்த நோட்டு உதவும். சீனியர்களுக்கு உண்மையில் எரிச்சல் தருவது இரண்டாம் முறைதான்.

தேதிகளை விரிவாகச் சொல்லத் தேவையில்லை, மூன்று மாதத்தில் மனப்பாடம் ஆகியிருக்கும். 7 டி.டி.எஸ்., 11 விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1, 15 பி.எஃப்., 20 வரி கட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி. 3பி ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய், விற்பனையே இல்லாதவருக்கு 20 ரூபாய், வட்டி தனி. ஆண்டில் வருமான வரி ரிட்டர்னுக்கான ஜூலையும் வரித் தணிக்கைக்கான செப்டம்பரும் கடினம், வங்கிக் கிளைத் தணிக்கை எடுக்கும் அலுவலகமானால் ஏப்ரலும். கெடுவைத் தள்ளிவைப்பார்கள் என்ற வதந்தி ஒவ்வோர் ஆண்டும் கிளம்பும். 2025இல் ரிட்டர்னுக்கான ஜூலை 31 கெடு செப்டம்பருக்கு நகர்ந்தது உண்மைதான். அதை நம்பி வேலையை ஒத்திப்போடும் அலுவலகங்களில்தான் பையன்கள் நள்ளிரவுவரை உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் பஸ்ஸில் போய் வருகிறவர். கடைசி பஸ்ஸுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை இப்போதே, வேலை குறைவாக இருக்கும்போதே சொல்லி வையுங்கள். செப்டம்பர் கடைசி வாரத்தில் சொன்னால் சாக்குப்போக்காகத் தெரியும். உடன் வேலை செய்யும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். இரவில் நிறுத்தி வைத்தால் வீடு போய்ச் சேர வண்டி ஏற்பாடு செய்வது அலுவலகத்தின் பொறுப்பு.

உங்கள் தலைமுறைக்கு ஒரு வாய்ப்பும் வந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களை நாங்கள் தூக்கத்திலும் சொல்வோம். ஒப்பந்தத்துக்கு 194சி, வாடகைக்கு 194ஐ. இப்போது சம்பளம் அல்லாத டி.டி.எஸ். பெரும்பாலும் 393 என்ற ஒரே பிரிவுக்குள் அட்டவணைகளாகப் போய்விட்டது. ‘மதிப்பீட்டு ஆண்டு’ போய் ‘வரி ஆண்டு’ வந்துவிட்டது. ஆனால் 2025-26 வருமானத்துக்கு இன்னும் பழைய சட்டம்தான், ஆகவே சில காலம் இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். முப்பது ஆண்டு அனுபவசாலியும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும் நேரம் இது. பழைய பிரிவு எது, புதிய பிரிவு எது என்று ஒரு எக்செல் பட்டியல் போட்டு அலுவலகத்தில் கொடுங்கள். அதற்குப் பிறகு உங்களிடம் கேட்க ஆள் வரும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் சில. பார்ட்டிகளின் டிஜிட்டல் கையொப்பக் கருவிகள் ஒரு டப்பாவில் கிடக்கும், கடவுச்சொற்கள் ஒரு தாளில் இருக்கும், ஓ.டி.பி. கேட்டுப் போன் செய்யும் வேலை புதியவருக்கு வரும். எந்த வேலைக்கு, யார் சொல்லி, எப்போது பயன்படுத்தினீர்கள் என்று எழுதி வையுங்கள். டேலியில் உங்களுக்கென்று தனிப் பயனர் பெயர் கேளுங்கள். அடுத்தவர் பெயரில் நீங்கள் பதிவதும், உங்கள் பெயரில் அடுத்தவர் பதிவதும் வேண்டாம். பார்ட்டி நேரடியாக உங்கள் எண்ணுக்கு அழைத்து, ‘தம்பி, பேங்குக்குக் காட்ட ஸ்டாக்கைக் கொஞ்சம் ஏத்திடுங்க, சார்கிட்ட சொல்லிட்டேன்’ என்பார். சாரிடம் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிடுங்கள். பட்டச் சான்றிதழின் அசலை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வது சில இடங்களில் வழக்கம். நகல் கொடுங்கள், அசல் வீட்டில் இருக்கட்டும்.

இனி சி.ஏ. இதில் பலர் ஏமாறுகிறார்கள் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்வது வேறு, சி.ஏ. படிப்புக்கான ஆர்ட்டிகிள்ஷிப் என்ற பயிற்சி வேறு. நீங்கள் இப்போது சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர். இந்தக் காலம் சி.ஏ. பயிற்சிக் கணக்கில் சேராது, ஐந்து ஆண்டுகள் இருந்தாலும் சேராது. பி.காம். பட்டதாரி 55 சதவீதம் வாங்கியிருந்தால் முதல் நிலையான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக இரண்டாம் நிலையான இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். பதிவு செய்து எட்டு மாதம் கழித்துத் தேர்வு. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டப்படி இரண்டு குரூப்பும் தேறிய பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப். அது முன்பு மூன்று ஆண்டுகள், இப்போது இரண்டு. அதற்கான படிவங்கள் சி.ஏ. படிப்பை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ.யில் பதிவாக வேண்டும், உதவித்தொகை உண்டு, பயிற்சி நேரம் வாரத்துக்கு 35 மணி. ‘இங்கேயே இரு, பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால், பதிவு எண் என்ன என்று கேளுங்கள்.

வேலையையும் இன்டர் படிப்பையும் சேர்த்துச் செய்ய முடியுமா? முடியும், அலுவலகம் தேர்வுக்கு விடுப்பு தந்தால். இப்போது ஆண்டுக்கு மூன்று முறை தேர்வு நடப்பதால் ஜனவரி அல்லது மே தேர்வைக் குறிவையுங்கள். செப்டம்பர் தேர்வுக்கு எந்த அலுவலகத்திலும் மனமுவந்து விடுப்பு தரமாட்டார்கள், நானும் தரமாட்டேன். புதுச்சேரியில் ஐ.சி.ஏ.ஐ.யின் கிளை இருக்கிறது. அங்கே நடக்கும் கூட்டங்களுக்கு உங்கள் ஆடிட்டர் போகும்போது நீங்களும் வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். பாட நூல்களை ஐ.சி.ஏ.ஐ. தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர் என்றால் நோட்டீஸுகளின் ஆங்கிலம் முதலில் மிரட்டும். பழைய கோப்புகளில் இருக்கும் நோட்டீஸையும் அதற்குச் சீனியர் அனுப்பிய பதிலையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பத்துப் பதினைந்து படித்தால், அதே வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது தெரிந்துவிடும்.

விடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். திருப்பித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், நோட்டு முறையையும் இரண்டு மாதம் செய்து பாருங்கள். அதன் பிறகும் யாரும் எதையும் காட்டவில்லை, உங்களுக்குக் கிடைப்பது பில்களை அடுக்குவதும் வங்கிக்குப் போய் வருவதும் மட்டும்தான் என்றால், தாராளமாக மாறுங்கள். ஆனால் அலுவலகத்தை மாற்றுங்கள், தொழிலை மாற்றாதீர்கள். அடுத்த இடத்தில் நேர்காணலின்போது நீங்களும் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் வேலையை யார் சரிபார்ப்பார், தேர்வு விடுப்பு எத்தனை நாள். கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்தில் இருக்கும் அலுவலகங்களையும் விசாரியுங்கள், பயண நேரம் மிஞ்சினால் படிக்கலாம். கிளம்புவது செப்டம்பர் 30 தாண்டிய பிறகாக இருக்கட்டும். போகும் முன் உங்கள் கையில் இருக்கும் பார்ட்டிகளின் பட்டியல், எது முடிந்தது, எது பாக்கி, எந்த டிஜிட்டல் கையொப்பம் யாரிடம் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பணி அனுபவச் சான்றிதழையும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.